இலையை மறைக்கும் கை



கொடைக்கானலில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-இல் அந்த மலையில் வீடு கட்டிக்கொண்டார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் அங்கே ஒரு பள்ளிக்கூடம் வந்தது. தூர தேசத்துப் பிள்ளைகள் கொடைக்குப் படிக்க வருவது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. இன்று எங்கள் விடுதியில் பூட்டான், கொரியா, எத்தியோப்பியா, கென்யா, ஜெர்மனி என்று பல ஊர்ப் பிள்ளைகள். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர்களில் பதினைந்து பேரை மதுரைக்குக் கூட்டிப்போய் ஓட்டலில் சாப்பிட வைப்பது என் பொறுப்பு.

ஒரு வேளைச் சோற்றுக்காக ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். விடுதியில் நல்ல சாப்பாடுதான் போடுகிறார்கள். மணி அடிக்கும், வரிசையில் நிற்பார்கள், தட்டை நீட்டுவார்கள். அத்தனை பேருக்குச் சமைக்கிற இடத்தில் "உனக்கு என்னப்பா வேணும்?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வீட்டை விட்டு வந்த பிள்ளை அந்தக் கேள்விக்குத்தான் ஏங்குகிறது என்பது எனக்கு முதலில் புரியவில்லை.

புரியவைத்தவள் ஒரு பெண். நைரோபியில் குடியேறிய குஜராத்தி சமணக் குடும்பத்துப் பிள்ளை. என் முதல் வருடப் பயணம் அது. நேரமாகிவிட்டதென்று யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் புரோட்டாவும் வெஜிடபிள் குருமாவும் சொல்லிவிட்டேன். அசைவம் இல்லையே, போதாதா என்று நினைத்தேன். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதையும் அவள் தொட மாட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுவிட்டு, "நல்லா இருந்தது மிஸ்" என்றாள். மலை ஏறும்போது பக்கத்தில் இருந்த தோழிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு அதில் எழுதுகிறேன். ஓட்டலுக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து சரக்கு மாஸ்டரிடம் பேசுகிறேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்குச் சட்னியில் கடலை இருக்கிறதா, பொரிக்கிற எண்ணெய் கடலெண்ணெயா என்று இரண்டையும் கேட்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். வேனில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கோதுமை சேராத பிள்ளைக்குச் சோறும் சாம்பாரும் தந்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று விடக்கூடாது. அந்தப் பிள்ளைக்குச் சாம்பார், ரசம் இரண்டையும் பெருங்காயம் இல்லாமல் தனியாக வைக்கச் சொல்லுகிறேன். முகம் சுளிக்காமல் வைத்துத் தருகிறார்கள்.

இப்போது போவது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாழையிலைச் சாப்பாடு போடுகிற ஓர் ஓட்டலுக்கு. இலையின் நுனி இடது கைப் பக்கம் வர வேண்டும், தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும், முடித்ததும் தன் பக்கமாக மடிக்க வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்லித் தருவது. மற்றதைப் பிள்ளைகளே ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். பெரியவர் எடுக்காமல் தான் எடுக்கக் கூடாது என்று கொரியப் பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் நான்தான் முதல் வாய் வைப்பேன். எத்தியோப்பியப் பெண்ணுக்குக் கையால் சாப்பிடப் பழக்க வேண்டியதே இல்லை. புளித்த மாவில் சுடும் இஞ்சேராவை ஒரே தட்டில் பலரும் பிய்த்துச் சாப்பிடுகிற நாடு அவளுடையது. அன்பானவருக்குத் தன் கையால் ஒரு வாய் ஊட்டுவதை அங்கே குர்ஷா என்பார்கள். முதல் தடவை வந்தபோது அவள் சாம்பார் சோற்றைப் பிசைந்து உருட்டி, பக்கத்தில் முள்கரண்டியைத் தேடிக்கொண்டிருந்த ஜெர்மன் பையனின் வாய்க்கு நேராக நீட்டினாள். காது வரை சிவந்து போய் வாயைத் திறந்தான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

எனக்கு மிகப் பிடித்தவர் அங்கே பரிமாறுகிற ஒரு பெரியவர். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. "என்ன பாப்பா, கூட்டைத் தொடவே இல்ல?" என்பார். "ஏன்யா, வளர்ற பிள்ள, இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்கய்யா" என்பார். பில்லோடு சேர்ந்து வராத இந்த அதட்டலுக்காகத்தான் நூற்றிருபது கிலோமீட்டர் வருகிறோம்.

பூட்டானிலிருந்து வந்தவன் பன்னிரண்டு வயதுப் பையன். மிளகாயையே காய்கறியாக்கிப் பாலாடைக்கட்டியோடு சமைக்கிற நாட்டுக்காரன்; நம் காரம் அவனுக்கு எம்மாத்திரம்! ஒரு பயணத்தில், பெரியவர் இரண்டாம் தடவை சோறு கொண்டுவந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு "மேஷு, மேஷு" என்றான். விருந்தாளி முதலில் அப்படித்தான் மறுக்க வேண்டும். வீட்டுக்காரர் வற்புறுத்த வேண்டும். இரண்டாம் மூன்றாம் தடவையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது அவர்கள் ஊர் மரியாதை. பெரியவருக்கு அந்தச் சொல் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் அடுத்த மேசையில் ஓர் அம்மா, "போதும் போதும்" என்று இலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்திருந்தார். பெரியவர் அவரையும் பார்த்தார், இவனையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே இரண்டு இலையிலும் சோற்றை வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கின. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்சீட்டிலிருந்து அந்தப் பூட்டான் பையன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மிஸ், அந்தத் தாத்தா அடுத்த தடவையும் ரெண்டாவது வாட்டி போடணும்னா தமிழ்ல என்ன சொல்லணும்?"

"போதும்னு சொல்லு" என்றேன்.

மலை ஏறி முடிக்கிற வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.