நடக்க முடியாதவரின் இருதயம்

(பங்காளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இருதய இரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்றறிய, நகரும் பட்டையின்மேல் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். டிரெட்மில் என்பார்கள். 1963-ல் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறைப்படி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நடக்கவே முடியாதவர் என்ன செய்வார்?

சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த தாயார் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறினாலே மூச்சு வாங்கும். நெஞ்சுவலி இல்லை, நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வலி தெரியாமலே போவதுண்டு. படுத்திருக்கையில் எடுத்த ஈ.சி.ஜி.யிலும் குறையில்லை. "நடந்து காட்ட எனக்குக் காலில்லையே ஐயா, என்னை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார். எங்களுக்கும் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டோம்.

அவர் சொன்னது இது. அடினோசின் என்ற மருந்தைக் கையிலுள்ள இரத்தநாளத்தின் வழியாகச் சில நிமிடங்கள் செலுத்துவார்கள். நல்ல குழாய்கள் விரிந்து இரத்தம் பாயும். அடைப்புள்ள குழாய் அந்த அளவுக்கு விரியாது. கூடவே சிறிதளவு கதிரியக்க மருந்தும் கொடுத்துப் படமெடுத்தால், இரத்தம் குறைந்த பகுதி மங்கித் தெரியும். ஓய்வில் எடுத்த படத்தில் அதே பகுதி தெளிவாக இருந்தால் தசை இன்னும் உயிரோடிருக்கிறது, இரத்தத்துக்குத்தான் தவிக்கிறது.

முதல் நாள் சோதனை நடக்கவில்லை. அம்மா காலையில் காப்பி குடித்திருந்தார். காப்பியும் தேநீரும் அந்த மருந்தின் வேலையைத் தடுத்துவிடுமாம். அந்தக் காப்பியை வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான்! நர்ஸ் எங்களைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டோம்.

மறுநாள் மருந்து ஏறினதும் அவருக்கு முகம் சூடேறி நெஞ்சு இறுகிற்று. "போகிறேன் போலிருக்கிறது ஐயா" என்று எங்கள் கையைப் பிடித்தார். மருந்தை நிறுத்தினதும் சீக்கிரமே தணிந்தது. இரத்தத்தில் அது சில விநாடிகளே தங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைத் தவிர்த்து, இருதயத்தை வேகமாய்த் துடிக்கவைக்கும் டொபுடமின் கொடுத்து எக்கோ பார்ப்பது வழக்கம்.

படத்தில் இருதயத்தின் முன்சுவர் மங்கியிருந்தது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் மூட்டுவலியாலோ பக்கவாதத்தாலோ நடக்க முடியாத பெரியவருக்கு மூச்சு வாங்கினால், வயது என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த அம்மா இப்போது மூச்சிரைக்காமல் நாற்காலிக்கு மாறுகிறார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எங்களைக் கண்டால், "இன்றைக்குக் காப்பி குடிக்கலாமா ஐயா?" என்கிறார்.