இன்னும் பெரிய சவுரி



1981இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ரெனே ராஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண் தோற்றுப்போனார். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த அவர், தலைத்தோலை ஒட்டி வரிவரியாகப் பின்னும் 'கார்ன்ரோ' பின்னலோடு பணிக்கு வந்தார். கூடாது என்றது நிறுவனம். வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாக முடிந்து, அதைச் சுற்றிச் சவுரி கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் காட்டியது. சவுரி கட்டினால் தலை கடுமையாக வலிக்கிறது என்றார் அவர். அப்படியானால் இன்னும் பெரிய சவுரி தேவை போலும் என்ற பொருளில் தீர்ப்பிலேயே எழுதினார் நீதிபதி. கிண்டலா, கரிசனமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தீர்ப்பின் சாரம் எளிமையானது: தோலின் நிறம் பிறப்போடு வருவது, பின்னலோ நினைத்தால் அவிழ்த்துவிடக் கூடியது, அதைத் தடுப்பது இனப் பாகுபாடு ஆகாது. அலபாமாவில் எழுந்த ஒரு வழக்கிலும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே தடத்தில்தான் போனது. சடைமுடியை வெட்ட மறுத்த பெண்ணுக்குக் கொடுத்த வேலையை ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றதில் தவறில்லை என்றது. 'மாற்றிக்கொள்ளலாமே' என்ற இந்த ஒற்றை வாதத்தைத்தான் இன்று கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

மாற்றலாம், சரி. என்ன விலைக்கு? ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி பெரும்பாலும் வளைந்த வேர்க்குழியிலிருந்து, தட்டையான வடிவில், சுருண்டு சுருண்டு வளர்கிறது. தலையில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை வழிந்துவிடும். இங்கே ஒவ்வொரு சுருளிலும் அது தடைபடுகிறது. அதனால் முடி எளிதில் வறளும், வளைவுகளில் முறியும். இதை நேராக்கும் 'ரிலாக்சர்' பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சாக்கடை அடைப்பை நீக்க ஊற்றும் அதே காரம். முடியின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கிறது. கவனம் பிசகினால் தலைத்தோலும் வெந்துபோகும். ஒருமுறையோடு முடிவதும் இல்லை, புதுமுடி சுருளாகவே முளைப்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் பொருள்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்று அவர்கள் கணித்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இதுவே காரணம் என்று அது நிறுவிவிடவில்லை, மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் அந்த ஆய்வில் இப்பொருள்களைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். 'சுலபமாக மாற்றலாம்' என்று எழுதிய பேனா இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

'விதி எல்லோருக்கும் ஒன்றுதானே' என்பார்கள். காகிதத்தில் ஒன்றுதான். 'சீராக வாரிய முடி' என்று ஒரு விதி எழுதினால், ஒரு பெண் காலையில் சீப்பை எடுத்து வாரிவிட்டுக் கிளம்பலாம். இன்னொருத்தி அதே விதிக்காகக் காரத்தையோ, சுடுகம்பியையோ, சவுரியையோ நாட வேண்டும். அவளுடைய முடிக்கு உண்மையில் பொருந்தும் பராமரிப்பு வேறு: ஈரத்தோடு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது, ஷியா வெண்ணெய் போன்றவற்றால் ஈரத்தைக் காப்பது, இழுத்து இறுக்காமல் பின்னுவது, இரவில் வழுவழுப்பான துணியால் தலையைக் கட்டிக்கொள்வது. ராஜர்ஸ் போட்டிருந்தது போன்ற பின்னல், அளவாகப் பின்னினால், இந்தப் பராமரிப்பின் ஒரு பகுதி. நிறுவனம் அதில் ஒழுங்கின்மையைக் கண்டது. பழைய ஆட்சிகள் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மிரோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆணையிட்டார். பெண்கள் பளிச்சென்ற வண்ணத் துணிகளை எடுப்பாகக் கட்டி அதையே அலங்காரமாக்கினார்கள்.

'விதி ஒன்றுதானே' என்பதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நேராக்கும் தொழிலை வளர்த்தவர்களில் கறுப்பினப் பெண்களும் இல்லையா, விரும்பிச் செய்துகொள்பவர்களை யார் தடுப்பது என்பது அது. நியாயமான கேள்வி. அடிமைத்தளை நீங்கிய பெற்றோருக்கு 1867இல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர் முடி வளர்க்கும் களிம்பை விற்றுப் பெரும் தொழிலதிபர் ஆனார். சூடேற்றிய சீப்பும் அவருடைய முறையில் இடம்பெற்றது. ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய முகவர்களாகிச் சொந்த வருமானம் கண்டார்கள். அதைத் துரோகம் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. செயற்கை முடி, ஒட்டுமுடி அணிகிறவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். திருப்பதியிலும் பழனியிலும் நாம் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் போகும் முடிக்கு உலகச் சந்தையில் இருக்கும் விலையில் அவர்களுடைய பணமும் சேர்ந்திருக்கிறது. இயற்கை முடியே அசல், மற்றது போலி என்று புதிதாக ஒரு கட்டாயத்தைப் பெண்கள் தலையில் ஏற்றினால் அதுவும் இன்னொரு சவுரிதான். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் எடுக்கும் முடிவை விருப்பம் என்று கணக்கெழுத முடியாது. விருப்பம் எது என்று தெரிய வேண்டுமானால், முதலில் தண்டனை நீங்க வேண்டும்.

தண்டனையை நீக்கத்தான் 2019இல் கலிபோர்னியா 'கிரவுன்' சட்டத்தை இயற்றியது. பின்னல், சடைமுடி, முறுக்கிய முடி முதலியவை இனத்தோடு பிணைந்த அடையாளங்கள், அவற்றுக்காக வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்கிறது அது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் தேறி மேலவையில் நின்றுபோனது. சட்டம் வந்த இடத்திலும் ஓட்டை இருக்கிறது: டெக்சாஸில் சடைமுடி வைத்திருந்த ஒரு மாணவனைப் பள்ளி வகுப்பிலிருந்து விலக்கியது. முடியின் வகையை அல்ல, நீளத்தைத்தான் தடுத்தோம் என்று வாதிட்டது. 2024இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டம் எட்டாத இன்னொரு இடம் முடிதிருத்தும் நாற்காலி. தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கியவருக்கே சுருள் முடியைத் தொடத் தெரியாவிட்டால் உரிமை இருந்து என்ன பயன்? அழகுக்கலை படிக்கும் எவரும் சுருள் முடி உட்பட எல்லா வகை முடியையும் கையாளக் கற்றாக வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2023இல் சட்டம் செய்தது. ராஜர்ஸ் வழக்கு தோற்ற அதே நியூயார்க்.