மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்



மலத்தில் ரத்தம் பட்டால் நம் வீடுகளில் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு', அடுத்தது 'மூலம்'. உடனே மோரும் வெந்தயமும் வந்துவிடும். பலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகியிருந்தாலும் ரத்தம் வரும். அதற்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குகிற நோய். அந்த வயதுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

மூலத்தில் பொதுவாக மலம் கழிந்தபின் சிவப்பாக ரத்தம் சொட்டும். கொலைட்டிஸில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்தே வரும். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்காது. வந்தால் அடக்கவும் முடியாது. பேருந்தில் ஏறவே பயப்படுவார்கள். போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பதுபோல முக்கல். அழற்சி மலக்குடலில் தொடங்கி மேலே பரவுவதால், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் புண்பட்ட சுவர் விரட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு மூட்டு வலிக்கும், கண் சிவக்கும். வயிற்றோடு அதற்குத் தொடர்பு உண்டென்று யாருக்குத் தோன்றும்?

இரவில் தூக்கத்திலிருந்து வயிறு எழுப்புகிறதா என்று அவசியம் கவனியுங்கள். பதற்றத்தில் மோசமாகும் ஐபிஎஸ் (எரிச்சல் குடல்) தொல்லை பொதுவாகத் தூக்கத்தைக் கலைப்பதில்லை. ஐபிஎஸ்ஸில் ரத்தமும் போகாது, எடையும் குறையாது.

சீதபேதியும் கொலைட்டிஸ் போலத்தான் இருக்கும். அதனால் முதலில் மலப் பரிசோதனை. கிருமி இல்லையென்றால் கொலனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து, சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் இந்தத் துணுக்குச் சோதனை மிக முக்கியம். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், எடை குறைவு என்றால் அது க்ரோன் என்னும் இன்னொரு குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. காசநோய் என்று தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றிவிடும்.

கொலைட்டிஸ் அடங்கியிருக்கும், திரும்பவும் கிளம்பும். சுகமாகிவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில வகை மாத்திரைகள் புண்ணைக் கிளறிவிடும்.

மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இரவில் எத்தனை, ரத்தம் கலந்தா, தனியாகவா. ஒரே நாளில் ஆறு தடவைக்குமேல் ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ இருந்தால், அல்லது வயிறு உப்பினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.