மறதி நோயும் தெருவாரின் கடமையும்

(தாம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மறதி நோய். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். "கிழவன் மறந்தால் அதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கடைக்குப் போனவர் ஒரு சாமானை மறந்துவிட்டு வருவது முதுமை. நாற்பது வருஷமாய்ப் போய்வந்த கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதோ வியாதி. சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சோறு கேட்பதும், பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்பதும், நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு போவதும் அந்த வியாதியின் குறிகளேயாகும்.

நம் ஜனங்களில் ஒருவர் "வயசானால் அப்படித்தான்" என்கிறார். மற்றொருவர் "பேய் பிடித்திருக்கிறது" என்கிறார். மூன்றாமவர் "போன ஜன்மத்துப் பாவம்" என்கிறார். முதலாமவர் டாக்டரிடம் போவதில்லை. இரண்டாமவர் மந்திரவாதியிடம் போகிறார். மூன்றாமவர் எங்குமே போவதில்லை. நாம் கேட்கிறோம்: 1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்னும் டாக்டர், இப்படிப்பட்ட மறதியோடு இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாரே, அங்கே அவர் கண்டது பேயா, பாவமா? மூளை சுருங்கியிருந்ததையும், அதில் கசடு படிந்து நார்கள் முறுக்கிக் கிடந்ததையும் அல்லவா கண்டார்!

தாம்பரத்தாருக்கு இது புதுப் பாடமல்ல. 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே சானடோரியம் ஏற்படுத்தினார். க்ஷயரோகியைக் கண்டால் ஊரார் ஒதுங்கிய காலம் அது. பின்னால் எய்ட்ஸ் வந்து, சொந்தக்காரரே நோயாளியைக் கைவிட்டபோதும் இதே ஆஸ்பத்திரிதான் இடம் கொடுத்தது. வெட்கப்பட்டு மூடிவைத்த வியாதிகளுக்கு இடம் கொடுத்த ஊரில், மறதி நோயை மட்டும் ஏன் மூடிவைக்க வேண்டும்?

இது எங்கோ இருக்கும் வியாதியுமல்ல. நம் பக்கத்துத் திருப்போரூர் வட்டாரத்துக் கிராமங்களில் எடுத்து 1997-ல் வெளியான கணக்குப்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு இது இருந்தது. 2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கு நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. அந்த 88 லட்சம் பேர் யார் என்று பாருங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். 2024-ல் லான்செட் பத்திரிகையின் அறிஞர் குழு, தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணங்களைச் சொன்னபோது, சிறுவயதில் படிப்பில்லாமையையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. யாருக்குப் பள்ளிக்கூடக் கதவு அடைக்கப்பட்டதோ, அவர்களுக்கே கிழவயதில் இந்தக் கஷ்டமும் என்றால், இது தலைவிதியா? மனிதன் மனிதனுக்குச் செய்த அநீதியின் வட்டியல்லவா?

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைக்கப்பட்ட குடும்பங்களை எண்ணிப்பாருங்கள். மறதி வந்தவருக்குப் பழகிய தெருவும் பழகிய முகமுமே பாதித் துணை. அந்தத் துணையைப் பிடுங்கிக்கொண்டு, ஒரே மாதிரியான கதவுகள் உள்ள அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தால், நல்ல புத்தியுள்ளவருக்கே வழி தடுமாறுமே, மறதி உள்ளவர் என்ன செய்வார்?

வீட்டுக்குள் இந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது? மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு, இரவும் பகலும் தூக்கமில்லாமல் பார்க்கிறாள். ஊரார் அதற்குப் "பொறுமைசாலி" என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பட்டம் யாருக்கு வேண்டும்? அவள் இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால், அது ஆயிரம் புகழ்ச்சிக்கு மேல்.

"இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியும் பணமும் வேண்டுமே" என்பார்கள். கோவாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே டாக்டரல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதி நோயாளி உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு சோதித்தார்கள். அந்த ஊழியர்கள் வீடு தேடிப்போய், நோய் இன்னதென்று விளக்கி, கோபத்தையும் அலைச்சலையும் சமாளிக்கும் வகையைச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்துக்கொள்ளுகிறவர்களின் மனக்கஷ்டம் குறைந்தது என்று 2008-ல் முடிவு வெளியாயிற்று. கோவாவில் நடந்தது குரோம்பேட்டையில் நடக்காதா? பம்மலிலும் அனகாபுத்தூரிலும் நடக்காதா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். 2021-ல் ஏற்பட்ட தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கு இரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக, முன்வந்து பயிற்சி பெறட்டும். சந்தேகமுள்ள முதியவர்களை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகட்டும். ஏனென்றால் தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. பெரிய பரிசோதனைக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த முதியோர் நல ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பென்சில் பிடித்தறியாத பாட்டியிடம் கடிகாரப் படம் போடச் சொல்லி, போடவில்லையே என்று நோய்ப்பட்டம் கட்டக்கூடாது. மீதிச் சில்லறை எண்ணுகிறாளா, அடுப்பை அணைக்கிறாளா என்று வீட்டாரைக் கேட்கவேண்டும்.

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை தவறாமல் போகிறதா, காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்க்கட்டும். இவையும் அந்த 14-ல் சேர்ந்தவையே. மாத்திரை வீட்டுக்கே வரக்கூடும் என்பதை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் காட்டிவிட்டது. ரேஷன் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், டீக்கடைக்காரர் ஆகியோருக்கு அந்த முதியவர்களைத் தெரிந்திருக்கட்டும். வழிதவறி நிற்பவரைப் பைத்தியம் என்று விரட்டாமல், உட்காரவைத்து ஒரு டீ கொடுத்து வீட்டுக்குச் சொல்லியனுப்பட்டும். தெருவில் சும்மா பூட்டிக்கிடக்கும் ஒரு கூடத்தைத் தினமும் மத்தியானம் சில மணி நேரம் திறந்துவைத்தால், அவர்கள் அங்கே இருப்பார்கள். வீட்டுப் பெண்ணுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இந்த வியாதியை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவனை நம்பாதீர்கள். போக்க முடியாத வியாதியிலும், மனிதனை மனிதனாக நடத்த முடியும். தன் பெயரை அவர் மறந்துவிட்டாலும், அவர் மானமுள்ள மனிதர் என்பதை நாம் மறக்கலாமா? மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியும், வேடிக்கை பார்க்கும் நேரத்தில் பாதியும் இருந்தால் இவ்வளவும் நடக்கும். உங்கள் தெருவில் இன்றே இரண்டு பேர் பெயர் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.