தடுப்புக்கு இட்ட பொட்டு
(ஓசூரில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்னும் சில நாள்களில், மக்கள் 'ஆயுத பூசை' என்று வழங்கும் கருவி வழிபாடு வரவிருக்கிறது. சாமந்தி விலையேறும்; வெண்பூசணி வண்டி வண்டியாக வந்திறங்கும். பட்டறைப் பொறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படும். அதே சந்தனமும் குங்குமமும் அரசு அலுவலகத்து மேசைகளுக்கும் இடப்படும். இவ்விரண்டைப் பற்றியுமே இன்று பேச விழைகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கடவுள் இல்லை என்னும் கொள்கையன். அதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. ஆயினும் உங்கள் வீட்டு விளக்கை அணைக்க நான் வரவில்லை. தேவாரமும் திருவாய்மொழியும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் முப்பதாண்டாகப் பாடம் நடத்தி வருகிறேன். நம்பாதவன் நடத்தினான் என்பதால் அப்பாடல்களின் சுவை குன்றிற்று என்று எந்த மாணவனும் சொன்னதில்லை. ஒருவன் நெஞ்சில் இருக்கும் நம்பிக்கை அவனுக்குரியது. நான் கேட்பது வேறு. எல்லார் வரிப்பணத்திலும் எழுந்த கட்டடத்திலும், எல்லாரும் கைவைத்து உழைக்கும் பொறியிலும் ஒரு சமயத்தின் குறி எதற்கு?

நம் கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அஃதாவது ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தோர் இரும்பை அறிந்திருந்தனர். இரும்பு தானாக உருகி வருவதன்று. எந்தக் கல்லில் இரும்பு உண்டு, எத்துணை வெப்பம் வேண்டும், எவ்வளவு நேரம் துருத்தி ஊதவேண்டும் என்று மாந்தன் உற்றுநோக்கினான், தவறினான், திருத்திக்கொண்டான். அவ்வறிவின் வழிவந்தவர்கள் நாம்.

அந்த மண்ணில்தான் 1970-களில் ஓசூர்ச் சிப்காட் வளாகம் எழுந்தது. என் பழைய மாணவன் ஒருவன் இப்பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பட்டறையின் பெயர் வேண்டா. தொழிலாளர் 'பிரசு' என்று சொல்லும் அழுத்துப்பொறியில் அவன் வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. அப்பொறிக்குக் கம்பித் தடுப்பு ஒன்று இருந்தது. தடுப்போடு ஓட்டினால் உருப்படி எண்ணிக்கை குறைகிறதென்று அதனைக் கழற்றி வைத்திருந்தனர். அவ்வாண்டுக் கருவி வழிபாட்டன்று அவனோடு நானும் அங்குச் சென்றேன். பொறிக்கு மாலை சூட்டியிருந்தார்கள். கண்ணேறு கழியப் பூசணி உடைத்தார்கள். கழற்றிய தடுப்போ துருவேறிச் சுவரோரம் கிடந்தது. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு இட்டிருந்தார்கள்!

தோழர்களே, அந்தப் பொட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை. பொறியின் இயங்கும் உறுப்புகளுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறியது. தடுப்பைக் கழற்றச் சொன்னவர் யார், கண்டும் காணாதிருந்தவர் யார் என்பவையே அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். ஆனால் 'அவனுக்கு நேரம் சரியில்லை' என்ற ஒரு சொல்லில் அவை அனைத்தும் அடங்கிப்போயின. விரல் இழந்த அவனே அப்படித்தான் என்னிடம் சொன்னான். பொதுவிடத்துக்குச் சமயம் வரும்போது நேரும் முதற்கேடு இது: கடமை தவறியவன் ஒளிந்துகொள்ள ஓரிடம் கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் கேட்டை அலுவலகத்தில் கண்டேன். என்னிடம் படிக்கும் இசுலாமிய மாணவன் ஒருவனுக்கு வருமானச் சான்று பெற, அவன் தாயாருடன் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை அம்மையார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். எவரும் அவரை வையவில்லை, விரட்டவில்லை. பிறகு பொரியும் கடலையும்கூட அன்போடு கொடுத்தார்கள். ஆனால் திரும்பும் வழியில் அச்சிறுவன், "ஐயா, அது நம்ம ஆபீசா, அவங்க ஆபீசா?" என்று கேட்டான். நான் இலக்கணம் கற்பிப்பவன். தன்மைப் பன்மைக்கும் படர்க்கைப் பன்மைக்கும் உள்ள வேறுபாட்டை அன்று அவன் எனக்குக் கற்பித்தான்.

அவனுக்குரிய விடையை அரசமைப்புச் சட்டம் முன்பே எழுதிவைத்திருக்கிறது. எந்த ஒரு சமயத்தையும் வளர்ப்பதற்கென்று வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 27-ஆம் கூறு. முற்றிலும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விநிலையங்களில் சமயப் பயிற்சி கூடாது என்கிறது 28-ஆம் கூறு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவனின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. நம் அண்டை மாநிலமாகிய கருநாடகத்தின் முன்னாள் முதலமைச்சர் பொம்மை தொடுத்த வழக்கில், அரசின் சமயச் சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று 1994-இல் ஒன்பது நடுவர் கொண்ட உச்ச நயன்மன்ற ஆயம் தீர்ப்பளித்தது. இவற்றுள் பின்னவை இரண்டும் வருமுன்பே, 1968-இல், அறிஞர் அண்ணாவின் அரசு, அலுவலகங்களில் கடவுட் படங்கள் வேண்டா, அலுவலக வளாகத்தில் வழிபாட்டிடம் கட்டலாகாது என்று ஆணையிட்டது. ஆணை இருக்கிறது. படங்களும் இருக்கின்றன!

'இது சமயமன்று, தொழிலாளர் விழா' என்பார் உளர். நன்று. அன்று விடுமுறை விடுங்கள், இனிப்பு வழங்குங்கள், பொறியைத் துடைத்து எண்ணெயிடுங்கள், பூ வாங்கி உழவர்க்கு நாலு காசு கிடைக்கச் செய்யுங்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளர் அனைவர்க்கும் உரிய விழாவாயின், அதில் எவரும் மரத்தடியில் நிற்க நேரக்கூடாது. 'இவர் ஒரு சமயத்தையே குறைகூறுகிறார்' என்பாரும் உளர். இல்லை. சாலை, பூங்கா போன்ற பொதுவிடங்களில் இசைவின்றிக் கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ குருத்துவாராவோ எழுப்பலாகாது என்று 2009-இல் உச்ச நயன்மன்றம் ஆணையிட்டபோது நான்கையும் ஒருங்கேதான் சொன்னது. என் சொல்லும் அதுவே.

அரசு ஒரு சமயத்தை அணிந்துகொண்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழன் நெடுந்தொலைவு தேடவேண்டுவதில்லை. இலங்கையின் பழைய அரசமைப்பில் 29-ஆம் பிரிவு, ஒரு சமயத்தார்க்கோ இனத்தார்க்கோ தனிச்சலுகை தரும் சட்டம் செல்லாது என்றது. அதையும் மீறி 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி ஆயிற்று. 1972-இல் அந்தக் காப்பையே நீக்கிவிட்டு, புத்த சமயத்துக்கு முதன்மையிடம் என்று எழுதினார்கள். 1978-ஆம் ஆண்டு அரசமைப்பும் அதையே தொடர்ந்தது. சைவனும் கிறித்தவனும் இசுலாமியனுமாகிய தமிழ்பேசுவோர் ஒரே நாளில் பிறந்த மண்ணிலேயே விருந்தாளிகள் ஆனார்கள். அங்கு நமக்கு நேர்ந்தது கொடுமை என்றால், இங்கு நாம் பிறர்க்குச் செய்வதற்கு வேறு பெயர் உண்டா? அளவு வேறு, வித்து ஒன்றே.

நம் இயக்கத்தையே பாருங்கள். 1916-இல் தனித்தமிழுக்கு வித்திட்ட மறைமலையடிகள் அழுத்தமான சைவர். தந்தை பெரியாரோ கடவுள் மறுப்பாளர். இருவரையும் நாம் போற்றுகிறோம். எதனால்? நம்மை இணைப்பது சமயமன்று, மொழி என்பதால். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்த எல்லையூரில், நம்மை இணைக்கும் பொதுவீடு அரசு அலுவலகமும் தொழிற்கூடமுமே. பொதுவீட்டில் ஒருவர் மட்டும் பொட்டிட்டால் அது பொதுவீடாகாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இளைஞர்களே, கருவி வழிபாட்டன்று பொறிக்கு மாலையிடுவதற்கு முன், தடுப்பு அதனிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஓட்டமாட்டோம் என்று பத்துப்பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். அரசு ஊழியர்களே, 1968-ஆம் ஆண்டு ஆணையைப் பணிவோடு எழுத்தில் உங்கள் மேலலுவலர்க்கு நினைவூட்டுங்கள். படத்தைக் கிழிக்கவேண்டா, அன்போடு கழற்றி, விரும்புவோர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

என் மாணவனின் விரல்கள் இனி முளைக்கப்போவதில்லை. அச்சிறுவனின் கேள்விக்கு மட்டும் நாம் இன்னும் விடை தரலாம். 'நம்ம ஆபீசுதான், தம்பி' என்று நான் கூசாமல் சொல்லும் நாள் வரட்டும்.