நடுங்கும் கையோடு
(ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பார்க்கின்சன் நோய் வந்தபின் நம்மிற் சிலர் ஒன்றுகூடல்களுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தேநீர்க் கோப்பை கையில் ஆடுவதைப் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சம். மூளையில் டோபமீன் குறைவதால் வரும் நடுக்கம் அது. பதற்றம் கூடினால் அதுவும் கூடும். மறைக்கப் பாடுபட்டால் இன்னும் ஆடும்.

மன அழுத்தத்தைக் குறைக்க 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய 8 வார விழிப்புநிலைப் பயிற்சி இவ்விடத்திற் சிலருக்குக் கைகொடுக்கிறது. மூச்சைக் கவனித்தல், பாதத்திலிருந்து உச்சிவரை உடலை மனத்தால் தொட்டுச் செல்லுதல், மெதுவான யோகாசனம். படுத்துச் செய்ய இயலாதவர் கதிரையிலிருந்தே செய்யலாம். நோயை இது மாற்றாது. லெவோடோபா குளிசையை நேரம் தவறாமல் எடுக்கத்தான் வேண்டும். தியானம் செய்கிறேன் என்று யாராவது அதை விட்டால் எனக்குக் கோபம் வரும்! இலேசாவது, நடுக்கத்தோடு மல்லுக்கட்டும் மனந்தான்.

இப்போது எல்லோரும் நிமிர்ந்திருந்து இரு பாதங்களையும் நிலத்தில் வையுங்கள். கை ஆடினால் ஆடட்டும். 3 நிமிடம் மூச்சை மட்டும் பார்ப்போம்.