நாய் விடுதி நடத்த உரிமம்



காட்டாங்குளத்தூர், பொத்தேரி, மறைமலைநகர் சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். ஜி.எஸ்.டி. சாலை நெடுக அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடியிருப்பவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் கிளம்பும்போது, வளர்க்கிற நாயை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று தவிக்கிறார்கள். நம்மிடம் மாட்டுக்கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது, அதைச் சரிபண்ணி நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொண்டால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கொட்டகை போட்டுவிட்டு உரிமம் கேட்காதீர்கள். கேட்டுவிட்டுக் கொட்டகை போடுங்கள்.

"நாயைப் பார்த்துக்கொள்ளக்கூட லைசென்சா?" என்று சிரிக்க வேண்டாம். நாய் வளர்ப்புத் தொழிலையும் செல்லப்பிராணிக் கடைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் அறிக்கை கொடுத்தது. அதன்பிறகு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017-இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி விதிகள் போட்டது. நாம்தான் குட்டி போட வைத்து விற்கவில்லையே, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். இனப்பெருக்கம் செய்பவர் என்றால் யார் என்று விதியில் விளக்கம் கொடுக்கும்போதே, பிறர் நாயைத் தங்க வைக்கும் விடுதிக்காரரையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். ஆகவே விடுதி நடத்துகிறவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் மாநிலத்துக்கு அது தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம். விண்ணப்பத்தோடு 5,000 ரூபாய் கட்டணம். அந்தப் பணம் திரும்பி வராது. இடத்தை நேரில் பார்த்துத்தான் பதிவு கொடுப்பார்கள் என்பதால், அரைகுறைக் கொட்டகையைக் காட்டி 5,000 ரூபாயைத் தொலைக்காதீர்கள்.

ஆகையால் முதலில் உங்கள் ஊர்க் கால்நடை உதவி மருத்துவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டுங்கள். பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பொத்தேரியை ஒட்டிய காட்டுப்பாக்கத்தைச் சொல்கிறேன். பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறே. பஸ் மாறி ஏறிவிடாதீர்கள்.

அடுத்தது உள்ளாட்சி. தொழில் நடத்த உள்ளாட்சி உரிமம் தனியாக வேண்டும். உங்கள் இடம் ஊராட்சியில் இருக்கிறதா, நகராட்சியில் இருக்கிறதா என்று வீட்டுவரி ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரசீது யார் பேரில் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த அலுவலகத்துக்குப் போங்கள். விவசாய நிலத்தில் கொட்டகை போட்டுத் தொழில் நடத்துவதானால் நில உபயோகம் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். குரைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை. அவர் மனு எழுதிப் போடுவதற்கு முன்னால் நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மின்சாரத்தில் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். பம்புசெட்டுக்கு வாங்கிய இலவச இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து விடுதிக்கு விளக்கும் மின்விசிறியும் போடக்கூடாது. ஒரு காரியத்துக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி இரட்டிப்புக் கட்டணம் தீட்டுவார்கள். தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

"பதிவு இல்லாமலே எத்தனையோ பேர் நடத்துகிறார்களே" என்று ஒருத்தர் கேட்கலாம். நடத்தட்டும். ஒரு நாய் செத்துப்போனாலோ, ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டாலோ, அன்றைக்குத்தான் காகிதத்தைக் கேட்பார்கள். மிருகவதைச் சட்டம் 1960-இல் வந்தது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அதைப் பார்த்துத் துணிந்துவிடாதீர்கள். நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது 50 ரூபாயில் முடிகிற விஷயம் அல்ல.

சரி, கொட்டகைக்கு வருவோம். மாட்டுக்கொட்டகையை அப்படியே நாய்க்கு விடக்கூடாது. மண் தரை ஆகவே ஆகாது. பார்வோ என்று ஒரு நோய், ரத்தமாகக் கழிந்து குட்டி நாய் ரெண்டு மூன்று நாளிலேயே போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரை என்றால் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம், மண்ணை எப்படிக் கழுவுவது? தொற்றிய பிறகு 3 முதல் 7 நாள் கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். உங்களிடம் நன்றாக இருந்த குட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடும், பழி உங்கள் மேல் வரும். அதனால் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் வாசலுக்குள் விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். சந்தேகமான நாயைத் தனியே வைக்க, தள்ளி ஒரு அறை வேண்டும்.

நெல் மூட்டையும் தவிடும் அதே கொட்டகையில் இருந்தால் எலி வரும். எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். நாய் மலத்தைத் தீவனப்புல் போட்ட வயலில் கொட்டாதீர்கள். அதிலுள்ள ஒருவகை ஒட்டுண்ணி தீவனத்தோடு போனால் சினைமாடு கன்று வீசிவிடும். தனிக் குழி வெட்டி மூடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள். மூஞ்சி சப்பையான பக் மாதிரி நாய்கள் சித்திரை வெயிலைத் தாங்காது. தீபாவளிக்கு வருகிற நாயெல்லாம் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கம்பியைத் தாண்டி ஓடும். அந்த ரெண்டு மூன்று நாள் இரட்டைக் கதவும் இரவுக்காவலும் அவசியம்.

நாய்களோடு பழகுகிற ஆட்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கடிபட்டால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். முன்னமே ஊசி போட்டவர்களும் போகத்தான் வேண்டும். மஞ்சள் அப்புவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம்.

பூனை வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 விதிகள் நாய்க்குத்தான். பூனை விடுதிக்கு அந்தப் பதிவு இல்லை என்றாலும், உள்ளாட்சி உரிமமும் மிருகவதைச் சட்டமும் உண்டு. அடைத்த கூண்டில் அசைய இடமில்லாமல் வைத்தால் அதுவும் குற்றம். பூனைக்கு மேலேயும் வலை அடிக்க வேண்டும். நாய்க் கொட்டகையின் சத்தம் எட்டாத தூரத்தில் வைத்தால் ஒழுங்காகச் சாப்பிடும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். நாயின் பேர், அடையாளம், வந்த தேதி, போகிற தேதி, சொந்தக்காரர் விலாசம், அவசரத்துக்குக் கூப்பிட இன்னொரு ஆள், பார்க்கிற மருத்துவர், என்ன தின்னும், என்ன மருந்து என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிலர் நாயை விட்டுவிட்டுப் போய்த் திரும்பியே வருவதில்லை. அப்படி அம்போவென்று விடுவது அவர்கள் செய்கிற குற்றம். ஆனால் அந்த நாயை நீங்கள் சாலையில் துரத்திவிட்டால் அது உங்கள் குற்றமாகிவிடும். குறித்த நாளில் கூட்டிப்போகாவிட்டால் எத்தனை நாள் பார்ப்பீர்கள், யாரிடம் ஒப்படைப்பீர்கள், செலவு யாருடையது என்பதையும் சேரும் அன்றைக்கே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.